கறுப்புக் கரை போட்ட கடிதங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நடந்தது இது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா கிள்ளான் போகும் வண்டியில் கார்ட். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மிஷன் பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியும் என்கிற கர்வம் தலைக்கு மேல் ஒரு முழம் நிற்கும்.

அந்த வருஷம், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைக் கொண்டாடும் எம்பயர் டே அன்று பள்ளித் திடலில் கொடியேற்றினார்கள். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், சிங்களத்திகள், பஞ்சாபிகள், நாங்கள் என்று எல்லோரும் வெயிலில் வரிசையாக நின்றோம். ஒரு துரை வந்து பேசினார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிற நாடுகள் எல்லாம் ஒரே குடும்பம், நாமெல்லாம் அக்கா தங்கைகள் என்றார். முன்வரிசையில் ஒருத்தி மயங்கி விழுந்த பிறகுதான் பேச்சை முடித்தார். அப்புறம் எங்கள் வகுப்பு ஆசிரியை, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, தன் தொப்பியைக் கழற்றி அதில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். ஒவ்வொரு சீட்டிலும் வேறொரு நாட்டுப் பெண்ணின் விலாசம். எந்தச் சீட்டு வருகிறதோ அவள்தான் நமக்குக் கடிதத் தோழி. எனக்கு நியூசிலாந்து வந்தது.

வீட்டுக்கு வந்து ஒரே குடும்பம் என்கிற சேதியை அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஒரே குடும்பமா? அப்ப அவங்க வீட்டுல எழவு விழுந்தா நமக்கும் தீட்டாடி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தோழிக்கும் என் வயதுதான். அவள் அப்பாவும் ரயில்வேக்காரர். பனி பெய்யும் ஒரு சின்ன ஊரில் ஸ்டேஷன் மாஸ்டர். அவள் வீடும் தண்டவாளத்தை ஒட்டி, என் வீடும் தண்டவாளத்தை ஒட்டி. எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று விசில் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப் போயிற்று. கப்பலில் கடிதம் போக ஒரு மாதத்துக்கு மேல், வர ஒரு மாதத்துக்கு மேல். நான் கேட்ட கேள்வியை நானே மறந்த பிறகு அவள் பதில் வரும்.

ஒரு தடவை அம்மா ஒரு கைப்பிடி ஏலக்காயைத் துணியில் முடிந்து கொடுத்தாள். அனுப்பினேன். தன் அம்மா தினமும் சாயங்காலம் அதைப் பாலில் போட்டுக் காய்ச்சிக் குடிக்கிறாள் என்றும், வீடே மணக்கிறது என்றும் தோழி எழுதினாள். கூடவே ஒரு போட்டோ. ஸ்டேஷன் மேடையில் அவள் நிற்கிறாள். நிறமே இல்லாத கண்கள். பின்னால் அவள் அம்மா. படம் எடுக்கும்போது தலையைத் திருப்பிவிட்டாள் போல, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பூச்சு மட்டும் இருந்தது.

என் கடிதம் ஒவ்வொன்றுக்கும் அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் தபாலுக்குக் கொடுப்பாள். நல்ல சேதி என்றால் மஞ்சள், நமக்கு அப்படித்தானே. அந்த மஞ்சள் கறை என்ன என்று தோழி கேட்டிருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெள்ளைக்காரப் பெண்ணிடம் மஞ்சளைப் பற்றிப் போய்ச் சொல்வதா? சும்மா அலங்காரத்துக்கு என்று எழுதி மழுப்பிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் எனக்கு அதிக விலை வைத்தது அந்தச் சின்னப் பொய்தான்.

வருஷக் கடைசி மழை தொடங்கியபோது அவளிடமிருந்து அவசரமாக எழுதிய நான்கு வரி வந்தது. வீட்டில் உடம்பு சரியில்லை, பிறகு எழுதுகிறேன் என்று மட்டும் இருந்தது. அதோடு கடிதம் நின்றுபோயிற்று. இரண்டு கப்பல் தபால் வந்தும் எனக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் தபால்காரர் மலாய்க்காரர். "சூராட், மா, சூராட்" என்று கடிதத்துக்கு மலாயில் கட்டியம் கூறிக்கொண்டே சைக்கிளில் வருவார். அன்றைக்குச் சத்தம் காட்டாமல் வந்து நின்றார். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வானம் இருட்டிக் கிடந்தது. அவர் நீட்டிய உறையைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கறுப்பு வைத்து வந்தால் இழவுச் சேதி. அதை வாசலுக்கு இந்தப் பக்கம் கொண்டு வரக் கூடாது. சேதி தெரிந்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும். நான் கையை நீட்டினேன். அம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாதடி. உடம்பு சரியில்லன்னு எழுதுன புள்ள போயிட்டா, அதான் கருப்பு சொல்லுதே. பிரிச்சு வேற படிக்கணுமா?"

ஆனால் என் கண் உறை மேலேயே இருந்தது. கோலாலம்பூர் என்று எழுதும்போது முதல் எழுத்தின் வாலைச் சுருட்டி விடுவது அவள் பழக்கம். அந்த வால் அப்படியே சுருண்டு இருந்தது. "அம்மா, இது அவ கையெழுத்து" என்றேன். 

அம்மா எட்டி உறையைப் பார்த்தாள். "பாவம், முன்னாடியே விலாசம் எழுதி வச்சிருந்திருக்கும். அதுல அப்பன்காரன் காயிதத்தப் போட்டு அனுப்பிட்டான்" என்றாள். வேலிக்கு வெளியே வைத்துக் கிழித்துச் சாக்கடையோரம் கொளுத்தினாள். எங்கள் வரிசைக்குப் பின்னால் செங்கலுக்காக மண் எடுத்த பழைய குழி ஒன்று, தண்ணீர் தேங்கிக் குளம் மாதிரி இருக்கும். புகை அதன் மேல் போய்ப் படிந்து நகராமல் நின்றது. அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள். "குடும்பம்னு ஆச்சுல்ல. குடும்பம்னா தீட்டும் உண்டு" என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. நான் அன்று அழுத அழுகை என் சொந்தத்தில் யாருக்கும் அழுததில்லை.

பதினாறாம் நாள் படையல் வைத்தே ஆக வேண்டும் என்று சொன்னவளும் அம்மாதான். கல்யாணம் ஆகாத பெண், நம் வீட்டோடு பழகிய பெண், பசியோடு சுற்றவிடக் கூடாது என்றாள். "அவளுக்கு என்னடி பிடிக்கும்?" என்று கேட்டாள். ஆட்டுக்கறியும் ரொட்டியும் என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்து சொன்னேன். படையலில் கறியா என்று அம்மா முறைத்தாள். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஏலக்காய்ப் பாலைச் சொன்னேன். அதுவும் அவள் அம்மா குடிப்பதுதான்.

"தாய் குடிச்சா மகளும் குடிச்சிருப்பா" என்று அம்மா முடிவு கட்டினாள்.

துணி துவைக்கும் கல்லின் மேல் இலை போட்டோம். சோறு, பருப்பு, சுடச்சுட இரண்டு வடை, ஒரு கிண்ணம் ஏலக்காய்ப் பால். போட்டோவைக் கல்லில் சாய்த்து வைத்தேன். கூட்ஸ் ஷெட்டைச் சுற்றி எந்நேரமும் நூறு காக்கை கத்தும் ஊர் அது. அன்று அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியும் ஒன்றுகூட வரவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும். குளத்துப் பக்கமிருந்து ஒரே ஒரு காக்கை வந்து இறங்கியது. சோற்றைத் தாண்டியது. வடையையும் தாண்டியது. கிண்ணத்தில் அலகை விட்டு விட்டுப் பாலைக் குடித்தது. குடித்துவிட்டுப் போட்டோ எதிரில் போய்த் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றது. அப்புறம் கத்தாமல் பறந்து போயிற்று. வடையை விட்டுவிட்டுப் போன காக்கையை என் ஆயுசில் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன்.

"குடிச்சிட்டா" என்றாள் அம்மா. அவள் கை என் தோளில் இருந்தது. 

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். நான்காம் நாள் இன்னொரு உறை வந்தது. அதே கறுப்புக் கரை, அதே சுருட்டிய வால்.

அன்று அப்பா வீட்டில் இருந்தார். மோதிய வண்டியிலிருந்து ஆளைத் தூக்கியவர் அவர், சுலபத்தில் பயப்பட மாட்டார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கொண்டா இப்படி" என்று வேலியருகே போய் வாங்கினார். பார்சல் ரசீதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அல்லவா, முதலில் தபால் முத்திரையைத்தான் பார்த்தார். பிறகு முதல் உறை என்றைக்கு வந்தது என்று அம்மாவிடம் கேட்டார். விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்தபோது அவர் முகம் மாறிவிட்டது.

"இது அங்க போட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆனா மொதக் காயிதம் வந்த நாளப் பாத்தா, அதுக்குப் பிந்தித்தான் இதப் போட்டிருக்கு" என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார். "அவ செத்த பிறகு எழுதுன மாரி இருக்கு."

"ஒருவேளை சாகலையோ அப்பா?" என்றேன்.

அம்மாதான் பதில் சொன்னாள். "உசிரோட இருக்கிறவ தன் காயிதத்துக்குத் தானே கருப்பு பூசுவாளாடி?"

 இப்போது நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பிரித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் கறுப்பு வைத்த காகிதத்துக்கு வேறு ஓர் அர்த்தம் இருக்கலாம் என்பது எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை. அப்பா உறையை வேலிக் கம்பத்தில் வைத்துவிட்டு வந்து கையைக் கழுவினார். அதுவும் சாம்பலாயிற்று.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. அம்மா கோயில் பூசாரியிடம் கயிறு வாங்கி வந்து என் கையில் கட்டினாள். போட்டோவைப் பெட்டியின் அடியில் குப்புறப் போட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தேன். சாயங்கால வண்டி விசில் அடிக்கும்போதெல்லாம் அவளும் அங்கே இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும். முன்பெல்லாம் அந்த நினைப்பு சந்தோஷமாக இருந்தது. இப்போது போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பால் காய்ச்சாத நேரத்தில்கூட வீட்டில் ஏலக்காய் வாசம் வருவதாக அம்மா ஒரு நாள் சொன்னாள். எனக்கும் வந்தது, நான்தான் சொல்லவில்லை.

மூன்றாவது உறையைக் கொண்டு வந்த தபால்காரருக்கே எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "பயப்படாதீங்க மா. தொவான் பங்களாக்கு இந்த மாரி நெறைய போகுது லா" என்றார். வெள்ளைக்கார எஜமான்கள் வீட்டைத்தான் சொன்னார். தெய்வமே வந்து வாசலில் நின்று விடையைச் சொன்ன மாதிரி. அம்மாவோ, "பாவம், அங்கயும் இத்தன சாவா" என்று உச்சுக் கொட்டிவிட்டு உறையைக் குச்சியால் தள்ளி நெருப்பில் போட்டாள்.

நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சூட்டில் உறை தானாகப் புரண்டது. பின்பக்கத்தில் அவள் பெயரும் ஊரும். அதற்குக் கீழே, கோடு போட்டு, ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள். ப்ளீஸ். நான் படித்து முடிப்பதற்குள் நெருப்பு அந்தச் சொல்லைத் தின்றுவிட்டது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் அவளிடம் சொல்லவும் இல்லை. செத்தவள் என்னிடம் எதையோ கெஞ்சுகிறாள், அது என்ன என்று தெரியாமல் நான் எரித்துக்கொண்டிருக்கிறேன் என்கிற நினைப்பு என்னை விடவில்லை.  தனியாகக் கிணற்றடிக்குப் போக முடியவில்லை.

சில வாரம் கழித்து, பள்ளியில் இரண்டாம் பாடவேளையில் ஆசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையைப் பார்த்தேன். கறுப்புக் கரை போட்ட உறை. பள்ளிக்கூடத்து விலாசம், என் பெயர். வீட்டுக் கதவை மூடியதும் என்னைத் தேடி இங்கேயே வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கால் தானாகப் பின்னால் போய்ச் சுவரில் முட்டியது. தொட மாட்டேன் என்றேன். இவள் இறந்துபோனவள், நாங்கள் காரியம்கூடச் செய்துவிட்டோம் என்று என்னென்னவோ உளறினேன். ஆசிரியை என்னையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகமும் வெளுத்திருந்தது. பிறகு காகிதக் கத்தியை எடுத்து உறையைப் பிரித்து, தானே வாசித்தார்.

இறந்தது அவள் அம்மா. ஐந்து மாதம் ஆகியிருந்தது. கடைசி ஒரு வாரம் அம்மாவின் தொண்டையில் வேறு எதுவும் இறங்கவில்லை என்றும், நான் அனுப்பிய ஏலக்காய் போட்ட பாலை மட்டும் இரண்டு வாய் குடித்தாள் என்றும் எழுதியிருந்தாள். டப்பாவில் மூன்று ஏலக்காய் மீதி இருக்கிறது, அதை யாரையும் தொட விடவில்லை என்றும் எழுதியிருந்தாள். மூன்று கடிதம் போட்டும் என்னிடமிருந்து ஒரு வரி இல்லையாம். அந்த ஊரில் எல்லோரும் இரங்கல் சொல்லி முடித்துவிட்டார்கள், உன்னிடம் பேசினால் போதும் என்றிருக்கிறது என்றாள். கடைசி வரியை ஆசிரியை மெதுவாக வாசித்தார்.

"உன்னையும் இழந்துவிட்டேனா? நீ உயிரோடு இருக்கிறாயா?"

யாருக்கு நான் பதினாறு செய்தேனோ, அவள் என்னைப் பார்த்துக் கேட்கிறாள். 

ஆசிரியை மேசை இழுப்பறையைத் திறந்து சில பழைய தாள்களை எடுத்துக் காட்டினார். அவற்றிலும் கறுப்புக் கரை. அவர் அண்ணன் போரில் செத்தபோது வாங்கிய தாள்கட்டில் மீந்தவை. வீட்டில் ஒருவர் போய்விட்டால் அவர்கள் பழக்கத்தில் ஒரு வருஷம்வரை எந்தக் கடிதத்தையும் இந்தத் தாளில்தான் எழுதுவார்களாம். எனக்குத் துக்கம், என்னிடம் மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்கிற கறுப்பு அது. நானும் எங்கள் கறுப்பைப் பற்றிச் சொன்னேன், மஞ்சளைப் பற்றியும் சொன்னேன். தோழி மஞ்சளைக் கேட்ட அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால், தன் கறுப்பு என்ன என்று அவளும் சொல்லியிருப்பாள். அழுதுகொண்டே அதையும் ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "தாயத் தூக்கிக் குடுத்த புள்ளையோட காயிதத்தயா கொளுத்திப் போட்டேன்" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, இறந்தவள் கடைசியாகக் குடித்தது என்ன என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அம்மா எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து போட்டோவை எடுத்தாள். தோழியைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த அந்த முகமில்லாத பெண்ணைத்தான் பார்த்தாள்.

"அப்ப அன்னைக்கு வந்து குடிச்சது..." என்றாள். 

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். எரித்தது, முழுகியது, அவளுக்கே நான் காரியம் செய்தது, காக்கை வடையைத் தொடாதது, மஞ்சளின் அர்த்தம், எதையும் மறைக்கவில்லை. அம்மா பாசாருக்குப் போய் ஏலக்காய் வாங்கி வந்து சேர்த்துக் கட்டினாள். மஞ்சள் தடவவில்லை. பதில் வர இரண்டரை மாதம் ஆயிற்று. அதுவரை எங்கள் வீட்டில் எல்லோர் காதும் தபால்காரரின் சைக்கிள் மணியில்தான் இருந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. காக்கை பால் குடித்த பகுதியைத் தன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாளாம். அவர் எழுந்து போய், வண்டி வராத மேடையில் வெகுநேரம் நின்றாராம். எரிந்துபோன மூன்று கடிதங்களில் என்ன எழுதியிருந்தாய் என்று பல தடவை கேட்டேன். அதை விடு என்று எழுதிவிட்டாள். அது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவளுக்குத் துக்க வருஷம் முடிந்ததும் ஒரு வெள்ளை உறை வந்தது. "சூராட், மா!" என்று தபால்காரர் தெருமுனையிலிருந்தே கத்தினார். நான்கு மூலையிலும் கோணல்மாணலாக மஞ்சள் பூசியிருந்தது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினாள். அந்த ஊரில் மஞ்சள் கிடைக்காமல் கடுகுப் பொடியைக் குழைத்துத் தடவியிருந்தாள். அம்மா அந்த உறையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். கடுகு நெடி போக ஒரு மாதம் ஆயிற்று.

திடலில் அந்தத் துரை பேசிய குடும்பம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அம்மா இருந்தவரை ஒவ்வொரு அமாவாசைக்கும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வைக்கும் இலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் ஏலக்காய்ப் பால் தனியாக இருக்கும். யாருக்கு என்று கேட்டால், நியூசிலாந்து அக்காவுக்கு என்பாள். இப்போது அம்மாவும் இல்லை, நான் இரண்டு கிண்ணம் வைக்கிறேன். பிறர் வீட்டுக் கறுப்பை என் வீட்டு அகராதியில் படித்து ஒரு பிள்ளையின் மூன்று கடிதங்களைச் சாம்பலாக்கியவள் நான். ஆனாலும் அன்று ஆள் மாற்றி வைத்த அந்தப் பால் மட்டும் சரியான விலாசத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கும்போது, பயமும் ஆறுதலும் இந்த வயதிலும் ஒன்றாகத்தான் வருகின்றன.